பெட்சபுரிக்குப் போன பனங்காட்டுக்காரன்

ராட்சபுரி ஸ்டேஷன் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பனை வர ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் வரப்பு நெடுக வரிசையாக. அதற்கப்புறம் பார்த்த இடமெல்லாம் பனை. தண்ணீர் கட்டிய நெல் வயலுக்கு நடுவில், காலை நனைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக நின்றன. எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். தேரிக்காடு. செம்மணலில், காய்ந்த காற்றில் நிற்கிற பனையைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். தாத்தா பனையேறி. அவர் நெஞ்சில் மரத்தோடு உரசி உரசிக் காய்த்துப்போன கறுப்புத் தழும்பு இரண்டு இருந்தது. சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். மழையையே அதிகம் பார்க்காத அந்த மரம் இங்கே சேற்று வயலில் இவ்வளவு செழிப்பாக நிற்பதைப் பார்த்தபோது, தூரதேசத்தில் வசதியாக வாழ்கிற சொந்தக்காரரைத் தற்செயலாகப் பார்த்த மாதிரி இருந்தது.

மச்சான் பாங்காக்கில் பதினைந்து வருஷமாக ரத்தினக்கல் வியாபாரத்தில் இருக்கிறார். தாய் மொழி சரளமாகப் பேசுவார். "பாங்காக்கைப் பார்த்தது போதும் மாப்ளே, உங்களுக்குன்னே ஒரு ஊர் இருக்கு, வாங்க" என்று மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை தோன்புரி ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். டிக்கெட் ஐம்பது பாட் கூட இல்லை, பாட் என்பது அந்த நாட்டுக் காசு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடைக்காரப் பெண்கள் ஏறி, சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் விற்றுவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார்கள். சுமார் மூன்று மணி நேரம். அவசரம் இல்லாதவர்கள் இந்த ரயிலில்தான் போக வேண்டும். வேன் சீக்கிரம் போய்விடும், ஆனால் பனை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

ஊரின் பெயர் பெட்சபுரி. 'பெட்' என்றால் வைரம், வடமொழியின் வஜ்ரம்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. 'புரி' நமக்குத் தெரிந்த புரி. கம்போடியாவில் ஏழாம் ஜயவர்மன் 1191-இல் வெட்டிவைத்த பிரா கான் கல்வெட்டில் 'ஸ்ரீ ஜயவஜ்ரபுரி' என்று ஓர் ஊர் வருகிறது. அது இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'முஅங் பெட்' என்கிறார்கள். பாங்காக்கிலிருந்து தென்மேற்கே 120 கிலோமீட்டர் சுமார். நடுவில் பெட்சபுரி ஆறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் பழைய மரக்கடைகள், கோயில்கள், சந்துகள். பெரும்பாலான பயணிகள் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஹுவா ஹின் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். அது அவர்களுக்கு நஷ்டம் என்று மனதாரச் சொல்வேன்.

முதலில் மலை. ஊரின் ஓரத்தில் மூன்று உச்சிகளோடு ஒரு குன்று இருக்கிறது. உயரம் நூறு மீட்டருக்குள்தான். நான்காம் ராமா என்கிற மோங்குட் மன்னர் 1859-60-இல் இதன்மேல் ஒரு கோடை அரண்மனை கட்டினார். அரசாங்கப் பெயர் பிரா நகோன் கிரி. நகரமும் கிரியும் நம் காதுக்கு அப்படியே கேட்கிறது. ஊர்ப் பெயர் காவ் வாங், அரண்மனை மலை. மேற்கு உச்சியில் அரண்மனை, நடு உச்சியில் 40 மீட்டர் உயர வெள்ளைத் தூபி, கிழக்கு உச்சியில் ஒரு சின்னக் கோயில். இழுவை வண்டியில் ஏறலாம். நாங்கள் நடந்தே ஏறினோம். பாதை நெடுக ஈழத்தலரி மரங்கள். இலை குறைந்து பூ மட்டும் நிறைந்திருந்த மாதம் அது. கல்படி முழுக்க வெள்ளைப் பூ உதிர்ந்து கிடந்தது. குரங்குகளைப் பற்றி எல்லாரும் எச்சரித்திருந்தார்கள். கையில் தின்பண்டம் இல்லாவிட்டால் அவை நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அரண்மனையைவிட எனக்குப் பிடித்தது அதன் பக்கத்தில் இருக்கும் வட்டமான கோபுரம். மோங்குட் வானம் பார்ப்பதற்காகக் கட்டியது. அரியணை ஏறுவதற்கு முன் 27 வருஷம் பிக்குவாக இருந்தவர் அவர். துறவியாகவே பாலி படித்தார், ஆங்கிலம் படித்தார், வானியல் படித்தார். 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் எங்கே, எப்போது தெரியும் என்று தானே கணக்குப் போட்டு, தெற்கே வா கோ என்ற கடற்கரைக்கு வெளிநாட்டு விருந்தினர்களையும் அழைத்துக்கொண்டு போனார். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியா பிடித்து, அக்டோபர் 1-ஆம் தேதி இறந்துபோனார். அதே நிழல் சயாமுக்கு, அதாவது அன்றைய தாய்லாந்துக்கு, வருவதற்கு முன் நம் பக்கம் கடந்துதான் வந்தது. குண்டூரில் நின்றுகொண்டு அந்தக் கிரகணத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜான்சனின் பெயர் ஹீலியத்தின் வரலாற்றில் இருக்கிறது. மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்று பார்த்தார். கோபுரத்தின் மேல் தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு இதை மச்சானிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராஜா உயிரையே குடுத்துட்டாரே மாப்ளே, ஒரு கிரகணத்துக்கு" என்றார்.

அங்கிருந்து கீழே பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். மேற்கே தூரத்து மலைகள், கிழக்கே கடல் பக்கத்து வெளிச்சம். நடுவில் ஓட்டுக் கூரைகளும் கோயில் சிகரங்களும். எல்லாவற்றுக்கும் இடையில் பனந்தலைகள், கறுப்புப் புள்ளி வைத்தது போல.

இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "இப்பதான் சரியான நேரம்" என்று மச்சான் ஆற்றோரச் சந்தைப் பக்கம் கூட்டிப்போனார். நடைபாதையில் ஒரு அம்மாள் இரண்டு மண்பானையும் நாலைந்து ஸ்டூலும் போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் அவரை 'பா' என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு அக்கா முறை வருகிற சொல் அது, நமக்குப் பெரியம்மா. தாய்லாந்தில் முன்பின் தெரியாதவரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்', பெரியப்பா வயதுக்காரர் 'லுங்'. கடைக்காரரிடம் "அண்ணாச்சி" என்று தொடங்கிப் பழகிய நமக்கு இந்த ஊரில் பேச்சு ஒட்டிக்கொள்வதற்கு அது ஒரு காரணம்.

அந்தப் பானையில் இருந்தது காவ் சே. ஊறிய சோறு என்று அர்த்தம். பழைய சோற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம், இதில் புளிப்பே கிடையாது. சோற்றை முக்கால் வேக்காட்டில் இறக்கி, தண்ணீரில் போட்டு, கஞ்சிப் பசை போகும்வரை கையால் மெதுவாக அலசி அலசிக் கழுவி, திரும்பவும் ஆவியில் வைப்பார்கள். ஒரு பருக்கையோடு இன்னொன்று ஒட்டாது. தண்ணீரில் மல்லிகையை மிதக்கவிட்டு வாசம் ஏற்றுவார்கள். அதோடு, வாசனைப் பொருள்கள் சேர்த்துச் செய்த மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைப் பானைக்குள் மூடி அடைப்பார்கள். சின்னக் கிண்ணத்தில் அந்தச் சோறு, அந்தத் தண்ணீர், மேலே நொறுக்கிய ஐஸ். மோன் இன மக்கள் சித்திரைப் புத்தாண்டுக்குச் சமைத்து வந்த உணவு. மோங்குட்டின் மலை அரண்மனை வழியாக ஊருக்குள் பரவியது என்கிறார்கள். பாங்காக்கின் பெரிய ஹோட்டல்களில் இதற்கு ஏழெட்டுத் தொடுகறி வைத்து, தட்டை அலங்கரித்து, பெரிய விலைக்குக் கொடுக்கிறார்கள். பெட்சபுரியில் தெருவில் உட்கார்ந்து சாப்பிடலாம், தொடுகறி மூன்றே மூன்றுதான். இறால் விழுதையும் மீனையும் இடித்து உருட்டிப் பொரித்த குட்டி உருண்டை. சர்க்கரையில் வதக்கிய உப்பு முள்ளங்கி. திருக்கை மீனைப் பூவாக உதிர்த்து இனிப்பாக வறுத்தது.

நான் உருண்டையை எடுத்துக் கிண்ணத்துக்குள் போடப் போனேன். பெரியம்மா சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். தொடுகறி முதலில் வாய்க்குள் போக வேண்டும். அதை மென்றுகொண்டே ஒரு கரண்டி சோறும் தண்ணீரும். கிண்ணத்துத் தண்ணீர் கடைசிவரை தெளிவாக இருக்க வேண்டும். அவர் சொன்னபடி செய்தேன். இறாலின் உப்பும் இனிப்பும் நாக்கில் இருக்கும்போதே மல்லிகைத் தண்ணீர் வந்து கழுவிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே மெல்லிய புகை வாசம். நாற்பது டிகிரியை நெருங்கும் மார்ச் மாத வெயிலில் இதைவிடப் பொருத்தமான ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

அந்த மூன்றிலும் சேர்ந்திருந்த இனிப்பு பனஞ்சர்க்கரை. தாய் மொழியில் சர்க்கரைக்கே 'நாம் தான்' என்று பெயர். 'நாம்' என்றால் நீர். 'தான்' என்றால் பனை, வடமொழியின் தாலம். நாமும் பனையைத் தாலம் என்று சொல்வதுண்டு. இன்றைக்கு அவர்கள் கடையில் வாங்குவது கரும்புச் சர்க்கரையாகவே இருந்தாலும், வாயில் வருகிற சொல் பதனீர்தான். பழுப்பு நிறத்துக்கும் 'சர்க்கரை நிறம்' என்றுதான் பெயர். ஆக, அந்த நாட்டில் ஒரு குழந்தை பழுப்புச் சட்டை என்று சொன்னால் அதற்குள் பனை இருக்கிறது. இதை மச்சான் சொன்னதிலிருந்து அன்று முழுக்க எனக்கு இதே நினைப்பாக இருந்தது.

மத்தியானம் வாட் யாய் சுவன்னாராமுக்குப் போனோம். இந்த ஊரில் ஒரே ஒரு கோயிலைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் இதைப் பாருங்கள். அயுத்தயா சயாமின் தலைநகராக இருந்த காலத்தது. முதன்மைக் கூடத்துக்கு ஜன்னலே இல்லை. வாசல் வழியாக வருகிற வெளிச்சம் மட்டும். உள்ளே போய்க் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழகப் பழகச் சுவர்கள் உயிர் பெற்றன. இரண்டு பக்கச் சுவரிலும், கீழிருந்து மேலாக ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் தேவர்கள், பிரம்மாக்கள், யட்சர்கள், கருடர்கள் வரிசையாக உட்கார்ந்து புத்தரை நோக்கிக் கைகூப்பியிருக்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம். செங்காவியும் கறுப்பும் மங்கிய வெள்ளையும்தான் நிறம். உருவத்துக்கு உருவம் இடையில் பூக்கள். தூரத்திலிருந்து எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. கிட்டத்தில் போனால் எந்த முகமும் இன்னொரு முகம் இல்லை. ஒரு யட்சன் பல்லைக் காட்டிக்கொண்டே கும்பிடுகிறான். கீழ் அடுக்குகளில் ஈரம் ஏறி நிறம் உதிர்ந்திருக்கிறது. கை மட்டும் மிச்சம் இருக்கிற ஒரு தேவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் போய்விட்டது, கும்பிடு இருக்கிறது.

வெளியே தேக்கு மரத்தில் ஒரு பெரிய பிரசங்க மண்டபம். அயுத்தயா அரண்மனையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது என்று சொல்கிறார்கள். பொன் பூசிய செதுக்குக் கதவில் ஒரு வெட்டுக்காயம் இருக்கிறது. பர்மியப் படை வந்தபோது கோடாலி விழுந்த இடம் என்று ஊரார் காட்டுகிறார்கள். குளத்துக்கு நடுவில், மூன்றே தூண்களில் ஓலைச்சுவடி நூலகம். எறும்பும் கரையானும் ஏறக்கூடாது என்று தண்ணீருக்குள் கட்டியிருக்கிறார்கள். பனையோலை எழுத்தைக் காப்பாற்ற இவ்வளவு ஏற்பாடு.

அடுத்து வாட் மகாதாத். ஊருக்கு நடுவில் ஐந்து சிகரங்களோடு நிற்கிறது, எங்கே வழி தவறினாலும் இதைப் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம். இங்கே நின்று பார்க்க வேண்டியது சுதை வேலைப்பாடு. பெட்சபுரிச் சிற்பிகளுக்குத் தாய்லாந்து முழுக்கத் தனிப் பெயர் உண்டு. அச்சு கிடையாது. சாந்து ஈரமாக இருக்கும்போதே கையாலும் சின்னக் கரண்டியாலும் பிடித்து இழைத்துவிட வேண்டும். கொடி, கருடன், தேவர், அசுரர் எல்லாம் விகாரத்தின் முகப்பில் நுரை பொங்கி உறைந்தது போல அடர்ந்து கிடக்கின்றன. பீடத்தைத் தூக்கிச் சுமக்கிற உருவங்களில் சிலதுக்கு அசுர முகத்துக்குப் பதிலாக அந்தக் காலத்து அரசியல்வாதிகளின் முகம். தோங்ருவாங் ஏம்ஓட் என்ற சிற்பி ஆரம்பித்துவைத்த வழக்கம் அது. 2011-இல் அவருக்குத் தேசியக் கலைஞர் பட்டம் கிடைத்தது. கோயில் சுவரில் தன் காலத்தை எழுதிவைக்கச் சிற்பிக்கு உரிமை இருக்கிறது என்பதை ஊரும் கோயிலும் சேர்ந்து ஏற்றுக்கொண்டதை நினைத்து மனசு நிறைந்தது.

ஒரு ஓரத்தில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. சாரத்துக்குக் கீழே இளைஞன் ஒருவன் கல் உரலில் சாந்து இடித்துக்கொண்டிருந்தான். மச்சானை விட்டு என்னென்ன சேர்க்கிறாய் என்று கேட்கச் சொன்னேன். அவன் விரல் விட்டு எண்ணினான்: சுண்ணாம்பு, மணல், ஊறவைத்த காகிதம், மாட்டுத்தோல் பசை, பனஞ்சர்க்கரை. கடைசியைச் சொல்லும்போது விரலைச் சாந்தில் தொட்டு என்னிடம் நீட்டினான். முகர்ந்து பார்த்தேன். சுண்ணாம்புக் காரத்துக்கு அடியில், மிக லேசாக, எங்கள் வீட்டு அடுப்படி வாசம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசினார்களே, அந்தச் சுவர்களில் கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்குமே, அதே வித்தை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. தாத்தா இறக்கிய பதனீர் எந்தெந்த வீட்டுச் சுவரில் இருக்கிறதோ என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

வாட் கம்பேங் லேங் என்கிற, கம்போடியக் கெமர் அரசர்கள் காலத்துச் செம்புராங்கல் கோயிலுக்கும் போனோம். அமைதியான இடம், கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன, கல்லெல்லாம் தேன்கூடு மாதிரி அரித்திருந்தது. ஜெர்மன் கட்டடக்காரர் கார்ல் டோரிங், ஐந்தாம் ராமாவுக்காக 1910-இல் கட்டத் தொடங்கிய பான் புஅன் அரண்மனைக்கும் ஒரு எட்டு. பச்சை ஓடு பதித்த படிக்கட்டு அழகுதான். ஆனால் எனக்கு அதற்குள் பசி வந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாடு ஆற்றோரத்தில் ஒரு சாதாரண கடை. நாலு மேசை, மேலே ஒரு குழல்விளக்கு. மச்சான் கேங் ஹூஆ தான் சொன்னார். 'பனந்தலைக் குழம்பு' என்று பெயர்க்கலாம். நுங்குக் குலை வெட்டும்போது காயின் தலைப்பகுதியைச் சீவித் தள்ளுவோமே, எங்கள் ஊரில் ஆடு தின்கிற பகுதி, அதன் உள்சதையை மெல்லிசாக நறுக்கி, கசப்புப் போக அலசி, தேங்காய்ப்பாலும் சிவப்பு மிளகாய் விழுதும் சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். மாட்டிறைச்சி போட்டும் செய்வார்கள், இறால் போட்டும் செய்வார்கள். எங்களுக்கு இறால் வந்தது. பனந்தலை வாழைப்பூ மாதிரி லேசாகத் துவர்த்தது, மூங்கில் குருத்து மாதிரி கடிபட்டது. பனையில் கழிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று பாட்டி அடிக்கடி சொல்வாள். அவளுக்கும் தெரியாத ஒரு சமையல் இருந்திருக்கிறது.

கடைசியாகக் கனோம் மோ கேங். இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த இனிப்பு. தேங்காய்ப்பால், முட்டை, பனஞ்சர்க்கரை, வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு. சிலர் பருப்புக்குப் பதிலாகச் சேப்பங்கிழங்கு போடுவார்கள். தட்டத்தில் ஊற்றி மேல்பக்கம் பழுப்பேறச் சுட்டு எடுக்கிறார்கள். அதன்மேல் பொன்னிறமாக வறுத்த சின்ன வெங்காயம். இனிப்பின் மேல் வெங்காயமா என்று தயங்க வேண்டாம். கரண்டி இறங்கும்போது மேல்தோல் மெல்லிசாக விரிகிறது, உள்ளே ஈரமாக நடுங்குகிறது. முதலில் பால், பிறகு பனையின் அடர்ந்த இனிப்பு, அது திகட்டப்போகிற கணத்தில் வறுத்த வெங்காயத்தின் நொறுங்கலும் எண்ணெய் மணமும் வந்து காப்பாற்றுகிறது. நெடுஞ்சாலை ஓரப் பெரிய கடைகளில் நூறு பாட்டுக்கு மூன்று தட்டம் என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். அதைவிட, சந்துக்குள் அன்றன்றைக்குச் சுட்டு, கரி வாசத்தோடு கொடுக்கிறவர்களைத் தேடிப் போங்கள்.

2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஊரார் 'மூன்று சுவை நகரம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பான் லேம் உப்பளத்து உப்பு, தா யாங் எலுமிச்சையின் புளிப்பு, பான் லாட் பனையின் இனிப்பு. மூன்றும் ஒரே மாகாணத்துக்குள் ஒன்றுக்கொன்று கிட்டத்திலேயே விளைகின்றன.

மறுநாள் விடிவதற்கு முன்னால் பான் லாட்டுக்குக் கிளம்பினோம். முந்தின நாள் பெரியம்மா தனக்குத் தெரிந்த ஒரு பனங்காட்டுக்கு வழி சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் வயல்மேல் தங்கியிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் 'லுங்'. இடுப்பைச் சுற்றி மூங்கில் குழாய்கள், ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

அவர்கள் ஏறுவது வேறு மாதிரி. நம் ஆட்கள் காலில் தளைநார் மாட்டி, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவார்கள். இங்கே முழு நீள மூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கணுவில் கிளைக் குச்சிகளை ஒரு சாண் விட்டு நறுக்கியிருப்பதால் அதுவே படி. லுங்கின் நெஞ்சைப் பார்த்தேன். தழும்பு இல்லை. உள்ளங்காலில்தான் காய்ப்பு இருந்தது.

ஆனால் மேலே போனதும் வேலை ஒன்றுதான். அவர் கையில் இரண்டு மரச்சட்டத்தைக் கோத்த ஒரு கருவி இருந்தது. பாளையை நசுக்கிப் பதப்படுத்த. பார்த்ததும் "கடிப்பு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தாத்தாவின் கடிப்பு இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பெண்பனைக்கு ஒரு கடிப்பு, ஆண்பனைக்கு வேறு ஒன்று. லுங்கும் இரண்டு வைத்திருந்தார். நான் கையால் காற்றில் பாளையைச் சீவுவது போலக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து, அரிவாள் எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று திருத்தினார். தாத்தா பேரன் கைக்குச் சொல்லிக்கொடுக்காமல் போனதை அந்த மனிதர் சொல்லிக்கொடுத்தார். அந்த நேரத்தில் மொழிபெயர்க்க மச்சான் தேவைப்படவில்லை.

பதனீர் புளிக்காமல் இருக்க நாம் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவோம். அவர்கள் மூங்கில் குழாயின் அடியில் பயோம் என்ற மரத்தின் சீவல்களைப் போடுகிறார்கள். குங்கிலிய வகை மரம். அதன் துவர்ப்பு புளிப்பைத் தடுக்கிறது. லுங் ஒரு குழாயைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நம் பதனீரில் நாக்கைத் தொடும் அந்தச் சுண்ணாம்புச் சுருக் இதில் இல்லை. அதற்குப் பதிலாக மரப்பட்டை வாசம், லேசான துவர்ப்பு. ஒரே மரத்தின் பால், வேறு வீட்டுப் பாத்திரத்தில்.

கொட்டகையில் அவருடைய மனைவி பெரிய இரும்புச் சட்டியில் காய்ச்சிக்கொண்டிருந்தார். நுரை பொங்கும்போது நாம் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவோம். அவர் அடியில்லாத மூங்கில் கூடை ஒன்றைச் சட்டிக்குள் நிறுத்திவைத்தார். நுரை கூடைக்குள்ளேயே ஏறி, கூடைக்குள்ளேயே இறங்கியது, ஒரு சொட்டு வழியவில்லை. பாகு இறுகும்போது அடுப்பிலிருந்து இறக்கி, கம்பி மத்தால் வேகவேகமாக அடிக்கிறார்கள். அடிக்க அடிக்க நிறம் வெளுத்து, சந்தனக் குழம்பு மாதிரி ஆகிறது. நாம் அடிப்பதில்லை, சிரட்டையில் ஊற்றி ஆறவிடுகிறோம். அதனால்தான் நம்முடையது கறுப்பாகக் கெட்டியாக இருக்கிறது, அவர்களுடையது வெளிறி மெத்தென்று இருக்கிறது.

"உங்க ஊர்ல இளவட்டங்க ஏறுதாங்களா?" என்று லுங் கேட்டதாக மச்சான் சொன்னார். குறைந்துவிட்டது, ஆள் கிடைப்பதில்லை, நானே ஏறத் தெரியாதவன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மகன் பாங்காக்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான், பேரனுக்கு மட்டும் ஆசை இருக்கிறது, லீவு நாளில் பாதி மரம்வரை ஏறுகிறான் என்றார். பாதி மரம் என்று சொல்லும்போது கையை உயர்த்தி அந்த இடத்தைக் காட்டினார்.

சர்க்கரை நாலு கிலோ வாங்கினேன். காசைக் கையில் வாங்கியபின், கழுவித் துடைத்த பழைய மூங்கில் குழாய் ஒன்றை லுங்கின் மனைவி என் பையில் செருகினார். அடியில் பயோம் சீவல் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்த மறுநாள் அம்மாவிடம் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "இதுவா கருப்பட்டி? வெளுத்துல்லா கெடக்கு" என்றாள். நுனிவிரலால் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"சுண்ணாம்பு தடவலியோ அவுக?"

"இல்லம்மா. மரச்சீவல் போடுதாக."

இன்னொரு கிள்ளு எடுத்தாள். அப்புறம் எழுந்துபோய், தாத்தாவின் கடிப்பு கிடக்கிற பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப்போட்டு, "அந்தக் குழாயையும் கொண்டா, ரெண்டையும் ஒண்ணா வைப்போம்" என்றாள்.